பாவிக்காத அறை நாறிய கதை

ஒரு வெள்ளிக்கிழமை காலை. புதிதாகப் பூசிய சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்து, தண்ணீர் போகிற ஓட்டையின் மேல் மூக்கை வைத்திருக்கிறேன். காதில் பென்சில். பக்கத்தில் விரித்த கொப்பி.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சம்மாந்துறையிலிருந்து, தங்கைக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தாயார் வீடு பார்க்க வருகிறார். அதற்கு இன்னும் நான்கு மணித்தியாலம்கூட இல்லை. கதவுக்கு வெளியே உம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"மணக்குதா மகன்?"

"மணக்குது உம்மா."

"எங்கால வருது?"

"அதத்தான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

"பத்து நாளாப் பாக்கீங்க. பாத்துப் பாத்து எழுதினா நாத்தம் போயிருமா?"

நான் எழுந்து உட்கார்ந்து கொப்பியில் எழுதினேன்: 'வெள்ளி, காலை. நாற்றம் உண்டு. முன்னெப்போதையும் விடக் கடுமை.'

எந்த வருடம்?

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்கள் நான் தேதியில் கண்டிப்பானவன் என்று அறிவார்கள். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை என்னை இன்றுவரை குழப்புகிறது.

கொப்பியின் ஓரத்தில் ஆங்கிலத் தேதியும் எழுதியிருக்கிறேன், பிறையின் தேதியும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் நான் நினைக்கிற வருடத்துப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று வியாழனில் விழுகிறது, மற்றது சனியில் விழுகிறது. முதல் தாள் கறையான் அரித்துப் போனதால் கொப்பியில் வருடமும் இல்லை.

மாரிப் போக வேளாண்மை, அதாவது மழைக்கால நெல், கதிர் தள்ளிய காலம் என்பது நினைவிருக்கிறது. பெருவெள்ளத்துக்கு முந்தின வருடம் என்பது என் கணக்கு. பிந்தின வருடம் என்பது என் தங்கை ஹாஜறாவின் கணக்கு. வெள்ளிக்கிழமை என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

வீடும் ஒரு நிபந்தனையும்

எங்கள் பகுதியில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்குள்ளேயே ஹாஜறாவுக்கு வாப்பா வீடு கட்டத் தொடங்கினார். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது மௌத்தாகி எங்களை விட்டுப் போய்விட்டார். மீதி என் தலையில் வந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கந்தோரில் கிளாக்கர் வேலை. ஆணி அடிக்கவும் தெரியாது.

முதலில் பேசிய இடம், குறித்த காலத்துக்குக் கூரை ஏறவில்லை என்று விலகிப் போனது. ஒரு முறை விலகிய கலியாணம் என்றால் ஊர் என்ன கதைக்கும் என்று எழுத வேண்டியதில்லை. பிறகு வந்த எந்தப் பெருநாளுக்கும் ஹாஜறா புது உடுப்புக் கேட்கவில்லை.

இரண்டாவது இடம்தான் சம்மாந்துறை. மாப்பிள்ளை இங்கினியாகலையில் அணைக்கட்டுப் பக்கம் ஸ்டோர் கீப்பர். அங்கே குவாட்டர்ஸில் இருந்து பழகியவர். அவர் கேட்டனுப்பியது ஒன்றே ஒன்று: படுக்கிற அறையோடு சேர்ந்த குளியலறை.

எங்கள் தெருவில் அப்போது கக்கூசு என்பது வளவின் கடைசி மூலையில் இருக்கும்.

"சோறு திங்கிற வீட்டுக்குள்ளயா?" என்று உம்மா கேட்டார். ஒரு கிழமை கழித்து, "சரி, கட்டுங்க" என்றார்.

அதே குவாட்டர்ஸ்களில் வேலை செய்த மீராசாயிபு பாஸ் என்ற மேசன் வந்து கட்டினார். கிணற்றில் கைப்பம்பு, கூரைமேல் சீமெந்துத் தொட்டி, தண்ணீர் ஊற்றும் கக்கூசு, முகம் கழுவ ஒரு பீங்கான் பேசின், தரையில் குளித்த தண்ணீர் போக ஓர் ஓட்டை. எல்லாம் சுவருக்குப் பின்னால் ஒரே குழிக்குப் போகும். வளவு மூலையில் நாங்கள் பாவித்து வந்த பழைய கக்கூசையும் திருத்தி, இதேபோலக் கோப்பை வைத்து, அதே குழியோடு பொருத்திவிட்டார்.

வேலை முடிந்த அன்றே உம்மா சட்டம் போட்டார். மாப்பிள்ளை வலது காலை எடுத்து வைக்கும்வரை அந்தக் குளியலறையை ஒருவரும் பாவிக்கக் கூடாது. பூட்டிச் சாவியை என்னிடம் தந்தார்.

நின்ற தண்ணீர்

பூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பரிசோதித்தேன். கக்கூசுக் கோப்பையின் அடியில் ஒரு கை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பேசினுக்குக் கீழே குழாய் நேரே போகாமல் ஒட்டகக் கழுத்துப்போல வளைந்து ஏறியது. வளைவின் வயிற்றில் இருந்த திருகாணியைக் கழற்றினால் அங்கேயும் தண்ணீர். தரை ஓட்டையின் தட்டைத் தூக்கினால் கவிழ்த்த கிண்ணம் ஒன்று தொங்கியது. அதன் விளிம்பும் தண்ணீருக்குள் கிடந்தது.

மூன்று வழி, மூன்றிலும் தண்ணீர் நிற்கிறது. போவதற்காகத்தானே வழி?

பாஸ் பீடியை அணைத்துவிட்டுப் பார்த்தார். "அது நிக்கத்தான் வேணும் தம்பி."

"ஏன் நிக்க வேணும்?"

"அங்க துரைமாருட ஊட்டுலயும் நிக்கிது. நீங்க பாவிங்க. பாவிச்சா ஒண்டும் வராது."

சுவர் கோணினால் கோணல்தான் பலம் என்று சொல்கிற மேசன்மாரைக் கண்டவன் நான். சிரித்துக்கொண்டேன். அடுத்த நாள் பாஸ் இங்கினியாகலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் கிழமைதான் மலேரியாத் தடுப்பு ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். சிரட்டை, தகர டின், பழைய சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "வளவுக்குள்ள தண்ணி தேங்க விடாதீங்க, நுளம்பு பெருகும்" என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் சொன்னது சிரட்டையைப் பற்றி. நான்தான் அதைக் குளியலறைக்குள் கொண்டுபோனேன். தங்கை வாழப்போகிற அறையில் நுளம்பு பெருக விடுவதா?

இரண்டு நாளைக்கு ஒரு தடவை, கந்தோர் விட்டு வந்ததும், தடியில் பழந்துணி சுற்றிக் கோப்பைத் தண்ணீரை ஒற்றி எடுத்தேன். பேசின் வளைவின் திருகாணியைக் கழற்றி, வடித்து, திரும்பப் பூட்டினேன். தரைத் தட்டைத் தூக்கி, துடைத்து, மூடினேன். மூன்றும் உப்பளம்போல் காய்ந்து கிடந்தன. அவ்வளவு சுத்தமான குளியலறை அன்று கல்முனை முழுவதிலும் இருந்திருக்காது.

நான்காம் நாள் அது நாறத் தொடங்கியது.

எலியும் ஓதலும்

என்னைக் கிறுக்காக்கியது நாற்றமல்ல, அதன் நியாயம்தான். ஒரே குழி. வளவு மூலைக் கக்கூசை நாங்களும் வேலையாட்களும் விடிந்தால் பொழுதுபட்டால் பாவிக்கிறோம். அங்கே ஒரு வாடையும் இல்லை. ஒருவருமே கால் வைக்காத அறை, கதவைத் திறந்தால் மூக்கைப் பொத்த வைக்கிறது.

எலி செத்திருக்கும் என்று ஓடு கழற்றிப் பார்த்தோம். எலி இல்லை. பல்லி, பூனை, குருவிக்கூடு ஒன்றும் இல்லை. சாம்பிராணி போட்டோம். சாம்பிராணியும் நாற்றமும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு மணம் வந்தது. அது இரண்டையும்விட மோசம்.

உம்மா குரலைத் தாழ்த்தினார். "மகன், இது முன்னப் பேசின ஊட்டாக்கள்ற வேலை. சூனியம் என்னத்தையோ செஞ்சி மண்ணுக்குள்ள தாட்டிரிக்காங்க."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு விளக்கமும் என்னிடம் இல்லை. ஓதிப் பார்க்கப் பள்ளிவாசல் லெப்பையை அழைத்து வந்தேன். அவருக்காக மட்டும் உம்மா சட்டத்தைத் தளர்த்தினார். லெப்பை உள்ளே போய் பேசினில் கை முகம் கழுவி ஒழு எடுத்தார், கால் கழுவினார், கக்கூசுக்குள்ளும் இரண்டு வாளி ஊற்றச் சொன்னார், நின்று ஓதினார். வெளியே வந்து மூக்கை உறிஞ்சினார்.

"எங்க தம்பி நாத்தம்?"

எனக்கும் மணக்கவில்லை. போய்விட்டிருந்தது. உம்மா அழுதார்.

மறுநாள் மாலை வழக்கம்போல் நான் துடைத்தேன். அதற்கு மறுநாள் நாற்றம் திரும்பி வந்தது. லெப்பையிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் கோபப்பட்டார்.

"என்ட ஓதலுக்கு ஒரு நாள் தவணையா தம்பி? இது வேற என்னவோ. நீங்க படிச்ச ஆள், நீங்களே பாருங்க."

அன்றுதான் கொப்பியில் கோடு போட்டேன். தேதி, பிறை, காற்று எந்தப் பக்கம், மழை உண்டா, கடல் இரைச்சல், நாற்றம் உண்டா இல்லையா. காலையும் மாலையும் ஒவ்வொரு வரி. பத்து நாள் எழுதினேன். ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை. வாடைக் காற்றில் உண்டு. அதே வாடைக் காற்றில் இல்லை. மழைக்கு முன் உண்டு, மழைக்குப் பின்னும் உண்டு, நடுவில் இல்லை. எந்த விதிக்குள்ளும் அது அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று வியாழன் பின்னேரம் செய்தி வந்தது. அன்று கடைசியாக ஒரு பெருந்துடைப்பு நடத்தினேன். இம்முறை தரை ஓட்டையின் அந்தக் கவிழ்த்த கிண்ணத்தையே திருகிக் கழற்றிவிட்டேன். தண்ணீரைப் பிடித்துவைப்பதே அதுதான் என்று என் முடிவு.

வெள்ளி காலை நாற்றம் அறையைத் தாண்டி முன்மண்டபத்துக்கே வந்துவிட்டது. கூரை ஏறாத வீட்டையே மன்னிக்காத ஊர், நாறுகிற வீட்டை மன்னிக்குமா?

புள்ளியும் வட்டமும்

உம்மா சமையலைப் பார்க்கப் போனதும் ஹாஜறா வந்து கதவடியில் நின்றாள். கையை நீட்டினாள். அண்ணனான என்னை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்தக் கொப்பியத் தாங்க காக்கா."

"உனக்கென்னத்துக்கு?"

"தாங்களன்."

வாங்கித் தாளைப் புரட்டி என் முன்னால் பிடித்தாள். என் வரிகளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் சில இடங்களில் புள்ளி, சில இடங்களில் சின்ன வட்டம். நான் போட்டதல்ல.

"இது ஆரு கீறின?"

"நான்தான். புள்ளி எல்லாம் நீங்க துடைச்ச நாள். காத்து எழுதிரிக்கீங்க, பிறை எழுதிரிக்கீங்க, கடல் இரைஞ்சதையும் எழுதிரிக்கீங்க. நீங்க துடைச்சத மட்டும் எழுதல்ல."

பார்த்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த வரி 'உண்டு'. ஒவ்வொரு வட்டத்துக்கும் அடுத்த வரி 'இல்லை'. ஒரே ஒரு வட்டம் மட்டும் 'உண்டு'வில் நின்றது.

"வட்டம் என்ன?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "தண்ணி போன நாள்."

"ஆரு தண்ணி ஊத்தின? பூட்டுத் தெறப்பு என்னட்டல்லவா இரிக்கி?"

"கிணத்தடியில வேலையாக்கள் நிக்கக்குள்ள நான் எங்க காக்கா குளிக்கிற? நீங்க கந்தோருக்குப் போனாப் புறகு இதுக்குள்ளதான் குளிச்சன். நீங்கதான் அலுமாரிக்குள்ள 'குளியலறைச் சாவி' எண்டு எழுதி ஒட்டி வெச்சிரிக்கீங்களே."

எதற்குக் கோபிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. உம்மாவின் சட்டத்தை மீறியதற்கா, கொப்பியைத் தொட்டதற்கா, அல்லது நான் பத்து நாளில் காணாததை அவள் கண்டதற்கா?

"அப்ப முன்னமே செல்லிரிக்கலாமே?"

"செல்லியிருந்தா இதுக்குள்ள குளிச்ச கதையும் வந்திரிக்குமே. இண்டைக்கு இதுவும் போச்செண்டா..." அவள் செம்பை எடுத்து நீட்டினாள். பிறகு, "தண்ணி ஊத்துங்க காக்கா" என்றாள்.

"துடைச்சதாலயா நாறுது? தண்ணி நிண்டா எப்பிடி நாத்தம் போகும்?"

"எனக்கும் தெரியா. ஊத்துங்க."

ஊற்றினேன். கோப்பைக்கு ஒரு செம்பு, பேசினுக்கு ஒரு செம்பு, தரைக்கு ஒரு வாளி. கோப்பையில் தண்ணீர் நின்றது. வளைவில் நின்றிருக்கும். பொறுத்துப் பார்த்தோம். நாற்றம் குறைந்தது, போகவில்லை. மூன்றில் ஒரு பங்கு இன்னும் அங்கேயே நின்றது. நான் மறுபடி குப்புறப் படுத்தேன். தரை ஓட்டை.

"இதுக்குள்ள தொங்கின கிண்ணம் எங்க காக்கா?"

"கழட்டிட்டன்."

"கழட்டி?"

அலுமாரியின் கீழ்த்தட்டில், பிஸ்கட் டின்னுக்குள், கடதாசியில் சுற்றி இருந்தது. மேலே நான் எழுதி ஒட்டியிருந்தேன்: 'தரை ஓட்டைக் கிண்ணம். தேவையற்றது.' கீழே அன்றைய தேதி.

ஹாஜறா அதை வாசித்தாள். அத்தனை பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "தேதியும் போட்டிரிக்கீங்க."

கிண்ணத்தைப் பொருத்தித் தண்ணீர் விட்டேன். விளிம்பு மூழ்கியது. நாற்றம், ஒருவர் கதவைச் சாத்தியதுபோல், நின்றது.

பின்னால் வாசித்தது

அந்தத் தண்ணீர்தான் கதவு என்பதை வெகுகாலத்துக்குப் பிறகு வாசிகசாலையில் ஒரு தடித்த கட்டடப் புத்தகத்தில் படித்தேன். குழியிலிருந்து கெட்ட காற்று குழாய் வழியே ஏறி வரும். வளைவில் நிற்கும் தண்ணீர் அதன் வாயை அடைத்துக்கொள்ளும். மேலிருந்து ஊற்றும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். கடைசித் துளிகள் வளைவில் தங்கி மறுபடி அடைக்கும். ஆகவே பாவிக்கிற இடம் நாறாது. பாவிக்காத இடத்தில் அந்தத் தண்ணீர் தானே காயும், நாற்றம் வரும். எங்கள் வீட்டில் அது காயும்வரைகூட நான் காத்திருக்கவில்லை.

வளைவில் வகைகள் உண்டாம். பேசினுக்குக் கீழே இருந்தது, வளைந்து ஏறி, சுவருக்குள் நேராகப் போகிற வகை. அது தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கக்கூசில் இருந்தது, ஏறிய பின் மறுபடி கீழே நிலத்துக்குள் இறங்குகிற வகை, பாம்பு நெளிந்ததுபோல். முழு வாளியையும் ஒரே வீச்சில் கொட்டினால், போகிற தண்ணீர் நிற்க வேண்டிய தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடுவது அதில்தான் அதிகம். தரையில் இருந்தது கிண்ணவகை; கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது வெறும் திறந்த குழாய். புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே 'கழற்றக் கூடாது' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

இன்னுமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வளைந்த குழாயில் தண்ணீர் இருபுறமும் சமமட்டத்தில் நிற்கும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படம் கீறிப் படித்துச் சோதனையில் முழுப் புள்ளியும் வாங்கியவன் நான். அந்தப் படமும் பேசின் குழாயும் ஒன்று என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

'உண்டு'வில் நின்ற அந்த ஒற்றை வட்டத்துக்கு, ஹாஜறா அன்று முழு வாளியைக் கொட்டியிருப்பாள் என்பது என் விளக்கம்.

"நான் ஒருநாளும் வாளியோட ஊத்தல்ல" என்கிறாள் அவள். அது இன்னும் தீரவில்லை.

வலது கால்

ஜும்ஆ முடிந்து கார் வாசல் கடப்படியில் நின்றது. மாப்பிள்ளையின் தாயார் பெரிய உடம்புக்காரி, சின்னக் கண். யன்னல் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், அறைக்குள் போனார், குளியலறைக் கதவைத் தள்ளினார். உம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவருக்கு நாற்றம் போனது மட்டும் தெரியும். போனது எப்படி என்று தெரியாது.

தாயார் மூக்கை உயர்த்தினார்.

"தரை ஈரமா இரிக்கே மதினி. ஆரும் பாவிச்சதா?"

உம்மா திகைத்தார். "இல்ல மதினி. மாப்பிள்ளைக்கெண்டு பூட்டி வெச்ச. ஒருத்தரும்..."

தாயார் குனிந்தார். தரைத் தட்டின் கம்பியில் சிக்கியிருந்த எதையோ இரு விரலால் இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்கும் மேல் நீளமான, ஒற்றைக் கறுத்த முடி.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஹாஜறா நிற்பது எனக்குத் தெரியும்.

"நான்தான்" என்றேன். "கந்தோரால வந்து, நான்தான் இதுக்குள்ள குளிச்சன்."

உம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. தாயார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். இரண்டு நாளுக்கு முன்தான் ஒட்ட வெட்டியிருந்தேன். பிறகு கையிலிருந்த முடியைப் பார்த்தார். அடுப்படிக் கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பினார்.

முடியை விரலில் சுற்றினார், யன்னலால் வெளியே போட்டார்.

"மச்சானுக்கு நல்ல நீளமான முடி" என்றார். "மாப்பிள்ளைக்கு முந்தி மச்சான் குளிச்சிட்டாரு. பரவால்ல, ஊடு நல்லம். மதினி, சோத்தப் போடுங்க. பசிக்கிது."

வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு கலியாணம் நடந்தது.

அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை நான் நிரப்பவில்லை. நான்தான் குளித்தேன் என்ற பொய்யை எழுத மனம் வரவில்லை. உண்மையை எழுதினால் உம்மா பார்ப்பார். காலையில் எழுதிய 'உண்டு' மட்டும் இருக்கிறது. மாலை வரியை வெறுமையாக விட்டேன். அந்த வரி வெறுமையாகவே கிடக்கிறது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

இந்தப் பகுதியை எழுதுவதற்காகப் போன கிழமை கொப்பியை எடுத்தேன். பென்சில் மங்கிப்போயிருந்தது, வெளிச்சத்தில் சரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வெறும் வரியின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்கு நேரே, என் எழுத்தைப் போலவே எழுதப் பார்த்த அவள் எழுத்தில், 'இல்லை'.

எப்போது எழுதினாள் என்று ஹாஜறாவிடம் கேட்டேன். தேதி ஞாபகம் இல்லையாம்.